கோவப்பட்டவங்க திரும்பி வந்தாங்க, நீங்கதான் அங்க இல்ல

கலைக்கூடம் நடத்துறவங்களுக்கும், எந்தப் படைப்ப எந்தச் சுவத்துல மாட்டணும்னு முடிவு பண்ற க்யூரேட்டர்களுக்கும் வணக்கம்.

நான் உங்க கண்காட்சி அறையோட மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருக்கற ஆளு. கையில வாக்கிடாக்கி, கழுத்துல அடையாள அட்டை. "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க", "ஃபிளாஷ் போடாதீங்க", "பைய முன்னாடி மாட்டிக்குங்க", இந்த மூணையும் ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றேன்னு நான் எண்ணுனதே இல்ல. 11 வருஷமா இதான் வேல. எந்தக் கூடம்னு சொல்லப்போறதில்ல. ஒரு இடத்தோட பேரச் சொல்லிட்டா மத்தவங்க எல்லாரும் "அது அவங்க பிரச்சன"ன்னு நகந்துடுவீங்க, நான் சொல்ல வர்றது உங்க எல்லாருக்குமே சேத்துதான்.

ஒரு படைப்பு ஜனங்கள சீண்டுச்சுன்னா அந்தச் சூடு மொதல்ல வந்து படுறது எங்க மேலதான். உங்க ரூமு மேல் மாடியில இருக்கு, கலைஞர் ஓப்பனிங் முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுறாரு, மிச்சம் இருக்கறது படைப்பு, பாக்க வந்தவங்க, நான். "இதெல்லாம் கலையாப்பா?", "இதுக்கு யாரு காசு குடுத்தா?", "எங்க வீட்டுப் புள்ள இதவிட நல்லா வரையும்", "இத வச்சவங்கள வரச் சொல்லு, நான் பேசணும்". கடைசியில சொன்னது இருக்கு பாருங்க, அத நான் வாக்கிடாக்கியில மேல சொல்லும்போதெல்லாம் வர்ற பதில் ஒண்ணுதான், ஃபீட்பேக் ஃபார்ம் குடுங்க. இந்த மடலே அந்த பதிலப் பத்திதான்.

மொதல்ல நடந்த ஒண்ணச் சொல்லிடுறேன்.

ஒரு ஷோவுல ஒரு அறை முழுக்க கயிறு கட்டி பழைய பெட்ஷீட்டா தொங்கவிட்டிருந்தாங்க, மொத்தம் 14. எல்லாத்துலயும் கற. மஞ்சளா, பழுப்பா, சில இடத்துல கறுத்துப்போன சிவப்பா. துவைச்சுதான் இருந்துச்சு, வாசன ஒண்ணும் கெடையாது, ஆனாலும் உள்ள வர்றவங்க பாதிப்பேரு மூக்கப் பொத்திக்கிட்டேதான் வந்தாங்க. சுவத்துல இருந்த லேபிள்ல "உடலின் எல்லைகளையும் பராமரிப்பின் அரசியலையும் விசாரணைக்கு உட்படுத்தும் வெளி"ன்னு ஆரம்பிச்சு அதே மாதிரி இன்னும் ஆறு வரி. அந்த ஆறு வரியில இல்லாத ஒண்ணு எனக்குத் தெரியும். மாட்டுற அன்னைக்கு நான் கயிறு புடிச்சுக்கிட்டு நிக்கறப்ப அந்தக் கலைஞரே சொன்னாங்க, அவங்கம்மா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்து செத்துப்போனாங்களாம், இது அவங்க படுத்திருந்த விரிப்பாம். இது லேபிள்ல இல்ல. ஏன் போடலன்னு கேட்டேன். படைப்ப சொந்தக் கதையா சுருக்கிடக் கூடாதுன்னு க்யூரேட்டர் நெனைக்கிறார்னு சொன்னாங்க.

மூணாவது நாளோ நாலாவது நாளோ ஒரு அம்மா வந்தாங்க. எழுபது வயசு இருக்கும், தனியா வந்திருந்தாங்க. உள்ள வந்து ஒரு நிமிஷம் நின்னாங்க, அப்புறம் நேரா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, இத யாரு இங்க தொங்கவிட்டது? ஒருத்தி படுத்த துணிய ஊரே பாக்க இப்படிக் காயப்போடலாமா? செத்துப்போயிட்டா அவளுக்கு மானம் இல்லன்னு ஆயிடுமா?" கொரல் நடுங்குச்சு. அந்த அறையில இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஏன்னா அது ஒரு பொம்பளையோட படுக்கன்னோ, அவங்க செத்துப்போயிட்டாங்கன்னோ நான் சொல்லவே இல்ல, லேபிளும் சொல்லல. அந்தம்மா அத துணியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாங்க.

நான் ஒண்ணும் பேசாம நிக்கவும் அவங்களே என் கையப் புடிச்சு மூணாவது துணிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. கோடு தாண்டுனாங்க, நான் தடுக்கல. "இங்க பாரு, இந்த மூலையில சுருக்கு விழுந்திருக்கே, இது முடிச்சு போட்ட தடம். மெத்த மூலையில இழுத்து முடிஞ்சு வச்சாதான் துணி நகராது, துணி சுருண்டா முதுகு புண்ணாயிடும். இத முடிஞ்சவளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு." அவங்க வீட்டுக்காரரு நாலு வருஷம் படுக்கையில இருந்தாராம். அதுக்கப்புறம் ஒவ்வொரு துணியா போய் மூலையத் தேடிப் பாத்தாங்க. பதினாலும். முக்கா மணி நேரத்துக்கு மேல நின்னாங்க. போறப்பவும் கோவம் போகல, விசிட்டர்ஸ் புக்குல ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டுத்தான் போனாங்க.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஜனங்க ஒரு படைப்பு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு அளந்து பாத்து 2001ல ஒரு ஆய்வு வெளியாச்சு, சராசரி 27 செகண்டு. புகழ்பெத்த ஓவியங்களுக்கு முன்னாடிதான் அந்த 27 செகண்டு. 11 வருஷமா உக்காந்து பாக்கறவன் சொல்றேன், அழகா இருக்கறதப் பாத்து தலையாட்டிட்டுப் போறவங்க அடுத்த அறைக்குள்ள அத மறந்துடுறாங்க. கோவம் வந்தவங்கதான் நிக்கறாங்க, சுத்திச் சுத்தி வர்றாங்க, போயிட்டுத் திரும்பி வர்றாங்க, கூட வந்தவங்ககிட்ட சண்ட போடுறாங்க. உங்களுக்குக் கெடைச்ச ஆக நல்ல பார்வையாளர் யாருன்னு கேட்டா நான் அவங்களத்தான் காட்டுவேன். நீங்க அவங்களுக்கு ஃபார்ம் குடுக்கறீங்க.

கதை அதோட முடியல. ஒரு பையன் 11 செகண்டு வீடியோ எடுத்துப் போட்டான், அசிங்கத்துணிய மாட்டி வச்சு கலைங்குறாங்கன்னு. ரெண்டு நாள்ல அது எங்கெங்கயோ போயிடுச்சு. அதப் பாத்துட்டுப் போன் பண்ணவங்க, திட்டுனவங்க, கொளுத்திடுவோம்னு சொன்னவங்க, இவங்கள்ல ஒருத்தர்கூட அறைக்குள்ள வரல. வீடியோ போட்ட நாலாவது நாள் காலையில நான் டூட்டிக்குப் போறேன், கதவு பூட்டிக்கெடக்கு. "தொழில்நுட்பக் காரணங்களால் இந்த அறை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது"ன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கு. கலைஞருக்கே அந்தத் தாளோட ஃபோட்டோவ யாரோ அனுப்பித்தான் தெரிஞ்சிருக்கு. என்ன அந்தக் கதவுக்கு வெளிய நிக்கச் சொன்னாங்க.

அடுத்த வாரம் அந்தம்மா திரும்ப வந்தாங்க. கூட அவங்க பொண்ணு. "இவளுக்குக் காட்டணும்னு கூட்டிட்டு வந்தேன் தம்பி, அப்பாவ அவளும்தான் பாத்துக்கிட்டா." நான் அந்தத் தாள்ல இருந்ததயே சொன்னேன். டெக்னிக்கல் ரீசன்மா. அவங்க கதவப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "நாலு கயித்துல துணி தொங்குறதுக்கு என்ன டெக்னிக்கு தம்பி"ன்னு கேட்டுட்டு பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இத்தன வருஷத்துல அந்த வேலையில நான் வெக்கப்பட்டு நின்னது அன்னைக்கு மட்டும்தான்.

அதனாலதான் இத எழுதுறேன். எனக்கு ரெண்டு பக்கத்து ஆளுங்கமேலயும் வருத்தம் இருக்கு. புடிக்கலன்னா எடு, கிழி, ஒடைன்னு சொல்றவங்க ஒரு பக்கம். இவங்களுக்கெல்லாம் கலைன்னா என்னன்னு தெரியாது, இவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நெனைக்கிற நீங்க இன்னொரு பக்கம். வெளியில இருந்து பாத்தா நேரெதிரா தெரியும், ஆனா நடக்கறத வச்சுப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே காரியத்தத்தான் பண்றீங்க, அந்தம்மாவுக்கும் அந்தத் துணிக்கும் நடுவுல கதவச் சாத்துறீங்க.

ஜனங்களோட கோவத்த அறியாமைன்னு சொல்றதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் இளம் கலைஞருங்களோட 'சென்சேஷன்' கண்காட்சி ரெண்டு ஊர்ல பட்ட பாட்ட ஒருதடவ யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா நீங்க அத ஒரு வெற்றிக்கதையா மட்டும்தான் சொல்றீங்க. 1997ல லண்டன் ராயல் அகாடமியில அது தொறந்தப்ப ஊரே கொந்தளிச்சது மார்கஸ் ஹார்வி வரைஞ்ச 'மைரா' ஓவியத்துக்காக. கொழந்தைங்களக் கொன்ன வழக்குல தண்டன வாங்குன ஒரு பொம்பளையோட போலீஸ் ஃபோட்டோ, சுவரளவு பெருசா, தூரத்துல நின்னா அந்த முகம், கிட்டப்போனா ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொழந்தையோட கைத்தடம். கொல்லப்பட்ட கொழந்தைங்கள்ல ஒருத்தனோட அம்மா இத எடுத்துடுங்கன்னு கேட்டாங்க. தொறந்த அன்னைக்கே ஒருத்தர் மைய ஊத்துனாரு, இன்னொருத்தர் முட்டைய வீசுனாரு. சுத்தம் பண்ணி, முன்னாடி பிளாஸ்டிக் தடுப்பு வச்சு, பக்கத்துல காவலுக்கு ஆள் போட்டு திரும்ப மாட்டுனாங்க. அதே ஷோவுல கிறிஸ் ஒஃபிலி வரைஞ்ச கன்னி மரியாள் படமும் இருந்துச்சு. அதப் பத்தி லண்டன்ல பெருசா யாரும் பேசல.

ரெண்டு வருஷம் கழிச்சு 1999ல அதே ஷோ நியூயார்க் புரூக்ளின் மியூசியத்துக்குப் போச்சு. எல்லாம் தலகீழா ஆச்சு. மைரா படத்தக் கடந்து ஜனங்க சும்மா போனாங்க, அந்தக் கொலையெல்லாம் அவங்க ஊரு ஞாபகத்துல இல்ல. வெடிச்சது மரியாள் படம். மேயர் ரூடி ஜூலியானி அத நேர்ல பாக்கவே இல்ல, கேட்டலாக்ல பாத்துட்டே மியூசியத்துக்கு மாநகரம் வருஷாவருஷம் குடுக்கற சுமார் 70 லட்சம் டாலர நிறுத்துவேன்னாரு, கட்டடத்தவிட்டே காலி பண்ணணும்னாரு. வழக்கு கோர்ட்டுக்குப் போயி மியூசியத்துக்குச் சாதகமா உத்தரவு வந்துச்சு.

ஒரே ஷோ, அதே படங்க, கோவம் மட்டும் ஒரு சட்டகத்துலேர்ந்து இன்னொரு சட்டகத்துக்கு மாறிடுச்சு. இத அறியாமைன்னு சொன்னா ரெண்டு ஊருக்காரங்களும் எப்படி வேற வேற எடத்துல அறியாதவங்களா ஆனாங்க? ஒரு ஊருக்கு எங்க காயம் இருக்கோ அங்க கை பட்டா அது கத்துது. அந்தம்மாவுக்கு முடிச்சுத் தடத்துல கை பட்ட மாதிரி.

அந்த மரியாள் படத்தப் பத்தி இன்னொண்ணு. பேப்பர்லெல்லாம் ஆனைச்சாணிய மாதா மேல பூசியிருக்காங்கன்னு வந்துச்சு. பூசல. காயவச்சுப் பதப்படுத்துன உருண்டை ஒண்ணு மார்புல பதிச்சிருக்கு, இன்னும் ரெண்டு உருண்ட தரையில கெடக்கு, அந்த எட்டடி உயரப் படமே அந்த ரெண்டு மேல கால் வச்சு நிக்குது. அந்த ரெண்டுலயும் கலர் குண்டூசியால கன்னி, மரியாள்னு எழுதியிருக்கு. ஒஃபிலி கத்தோலிக்கரா வளந்தவரு. 1992ல ஜிம்பாப்வே போயிட்டு வந்ததுலேர்ந்துதான் சாணிய வச்சு வேல செய்ய ஆரம்பிச்சாரு. சுத்தி மெதக்குற சின்னச் சின்ன உருவங்க ஆபாசப் பத்திரிகையிலேர்ந்து வெட்டி ஒட்டுனது, அதப் பாத்து ஒரு விசுவாசிக்கு மனசு வலிச்சா அது நியாயமான வலிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பூசுனதுங்கறதுக்கும் தாங்கி நிக்குதுங்கறதுக்கும் எவ்வளவு தூரம். இத வாசல்லயே நின்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்லியிருக்க வேண்டியது யாரு? அந்த மியூசியம் விளம்பரத்துல என்ன போட்டுச்சு தெரியுமா, இந்தக் கண்காட்சியப் பாத்தா அதிர்ச்சி, வாந்தி, கொழப்பம், பீதி எல்லாம் வரலாம்னு மருந்துப் பாட்டில்ல இருக்கற எச்சரிக்க மாதிரி போட்டுச்சு. அதிர்ச்சிய நீங்களே கூவி வித்துட்டு, ஜனங்க அதிர்ந்ததும் அவங்களப் பாத்து பக்குவம் இல்லாதவங்கன்னு சொல்றது நேர்ம இல்லைங்க.

அந்த டிசம்பர்ல 72 வயசு முதியவர் ஒருத்தர் மயக்கம் வர்ற மாதிரி நடிச்சு தடுப்புக்குப் பின்னாடி போயி அந்தப் படத்துமேல வெள்ளப் பெயின்ட்டப் பூசிட்டாரு. காவலுக்கு நின்னவரு ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டதுக்கு, இது தெய்வ நிந்தனைன்னு சொன்னாரு. நான் இத எத்தன தடவ படிச்சாலும் அந்தக் காவலாளியப் பத்தித்தான் நெனைப்பேன். அந்த முதியவருகிட்ட ஏன்னு கேட்ட மொத ஆளு அவராத்தான் இருக்கணும், அதுவும் எல்லாம் முடிஞ்சப்புறம்.

பெயின்ட் ஊத்துறதயும் சுத்தியல் தூக்குறதயும் நான் நியாயப்படுத்தல, ஒருநாளும் மாட்டேன். 2011ல பிரான்ஸ்ல அவிஞ்ஞோன்ல ஆந்த்ரே செரானோவோட சிலுவ ஃபோட்டோவ ஒடைக்க வந்தவங்க அங்க காவலுக்கு இருந்தவங்கள சுத்தியலக் காட்டி மிரட்டிட்டுத்தான் ஒடைச்சாங்க. அது 1987ல எடுத்த ஃபோட்டோ, கலைஞர் தன்னோட சிறுநீர்ல சிலுவைய முக்கி எடுத்தது. அந்தப் படம் பிடிக்கல, ரொம்பப் புண்படுத்துதுன்னு ஒருத்தர் சொன்னா நான் நாள் முழுக்க உக்காந்து கேப்பேன். சுத்தியல் எடுத்தா பேச்சு முடிஞ்சுபோச்சு. அந்தக் கூடம் ஒண்ணு செஞ்சுச்சு, ஒடைஞ்ச படத்த ஒடைஞ்சபடியே தொங்கவிட்டு மறுபடி கதவத் தொறந்தாங்க. அந்த தைரியம் எனக்குப் புடிச்சிருந்துச்சு.

தைரியம் இல்லாம போனதுக்கும் உதாரணம் இருக்கு. ஓவியர் எம்.எஃப். உசேன் 1970கள்ல இந்து தெய்வங்கள நிர்வாணமா வரைஞ்ச படங்க, 1996ல ஒரு பத்திரிகையில வந்தப்புறம்தான் கலவரமாச்சு, நடுவுல அத்தன வருஷம் அந்தப் படங்க இருந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. வழக்கு மேல வழக்கு, 2006ல நாட்டவிட்டுப் போனாரு, 2010ல கத்தார் குடிமகன் ஆனாரு, 2011ல லண்டன்ல செத்துப்போனாரு. 2008 மே மாசம் டெல்லி ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் அதே வருஷம் ஆகஸ்ட்ல டெல்லியிலயே நடந்த இந்தியா ஆர்ட் சம்மிட்ல அவரு படம் ஒண்ணுகூட வைக்கல, பாதுகாப்பு காரணம்னு சொன்னாங்க. கோர்ட்டு தொறந்த கதவ கலைய நடத்துறவங்களே சாத்துனா கலைஞன் எங்கதான் போவான்? எங்க கதவுல ஒட்டுன அந்தத் தாளப் பாக்கறப்ப எனக்கு இதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அளவு சின்னது, காரியம் அதேதான்.

லேபிளப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது உங்க கையில இருக்கற விஷயம், அதுக்கு தைரியம்கூட தேவையில்ல. ஜனங்க லேபிளப் படிக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க. படிக்கறாங்க, நான் பாக்கறேன். புரியாத படைப்பு முன்னாடி நின்னதும் மொதல்ல கண்ணு அங்கதான் போகுது, ஒரு கைப்பிடி கெடைக்காதான்னு. அங்க வெளி, விசாரணை, எல்லைமீறல்னு ஆறு வரி இருந்தா அந்த மனுஷன் முகம் எப்படி மாறுதுன்னு நீங்க பாக்கணும். படைப்பு வந்து இடிச்சப்பகூட அவ்வளவு கோவம் வரல, அந்த லேபிளப் படிச்சதும்தான் தன்ன வெளியாளாக்கிட்டாங்கன்னு அவருக்குப் படுது. 'கலைஞரின் தாயார் ரெண்டு வருஷம் படுத்திருந்த விரிப்புகள்'. அவ்வளவுதான், ஒரே வரி. இது சொந்தக் கதையா சுருக்குறதா? அந்த வரி இருந்திருந்தா மூக்கப் பொத்திக்கிட்டு வந்தவங்கள்ல பாதிப்பேரு கைய எடுத்திருப்பாங்க. மிச்சப்பேரு அப்பவும் கோவப்பட்டிருப்பாங்க, படட்டும், ஆனா எதப் பாத்துக் கோவப்படுறோம்னு தெரிஞ்சு கோவப்பட்டிருப்பாங்க.

2011ல ஜெர்மனியில டார்ட்முண்டு மியூசியத்துல துப்புரவு வேல பாத்த ஒரு அம்மா, மார்ட்டின் கிப்பன்பெர்கர் செஞ்ச ஒரு படைப்புல இருந்த தொட்டிய அழுக்குன்னு நெனைச்சு நல்லா தேய்ச்சுக் கழுவிட்டாங்க. மழத்தண்ணி காஞ்ச மாதிரி கலைஞர் தீட்டுன பூச்சு அது, 8 லட்சம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் பண்ணது. உலகம் பூரா அந்தச் செய்தியப் போட்டுச் சிரிச்சாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரும் சிரிக்கல. தன் வேலைய ஒழுங்கா செஞ்சதுக்கு ஒரு பொம்பளைய உலகமே கேலி பண்ணுதுன்னுதான் எங்களுக்குப் பட்டுச்சு. அந்தத் தொட்டி முன்னாடி அவங்கள நிக்கவச்சு இது என்னன்னு என்னைக்காவது யாராவது சொல்லிக்குடுத்திருப்பாங்களாங்கறதுதான் என் கேள்வி.

பொதுவெளியில வைக்கற படைப்புங்க கத வேற. அங்க டிக்கெட் வாங்கி உள்ள வர்றதில்ல, படைப்புதான் ஜனங்க வழியில வந்து நிக்குது. ரிச்சர்ட் செர்ராவோட 'டில்டட் ஆர்க்'க 1981ல நியூயார்க்ல ஃபெடரல் பிளாசாவுல வச்சாங்க, 120 அடி நீளம், 12 அடி உயரம், துருப்புடிச்ச மாதிரி இரும்புச் சுவரு ஒண்ணு சதுக்கத்துக்குக் குறுக்கால. அங்க வேல செய்யறவங்க சுத்திக்கிட்டுப் போகவேண்டியதாச்சு, எதிர்ப்பு கெளம்புச்சு. 1985ல மூணு நாள் விசாரண வச்சாங்க, 180 பேர் பேசுனாங்க, 122 பேர் இருக்கட்டும்னாங்க, 58 பேர் எடுக்கணும்னாங்க. அப்படியும் எடுக்கறதுன்னு முடிவாச்சு. 1989 மார்ச்ல ராத்திரியோட ராத்திரியா வெட்டிக் கொண்டுபோனாங்க. அந்த எடத்துக்காகச் செஞ்சத அங்கேர்ந்து எடுத்தா அது அழிஞ்ச மாதிரின்னு செர்ரா சொன்னாரு, அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா தெனமும் சோத்துமூட்டையோட அத சுத்திப்போன குமாஸ்தாகிட்ட அந்த மூணு நாள் விசாரணைய 1985ல வச்சதுக்குப் பதிலா 1980ல வச்சிருந்தா என்னன்னு நான் நெனைச்சுப் பாப்பேன். கடைசியில கேட்டா அது வாக்கெடுப்பு, மொதல்லயே கேட்டாத்தான் அது பேச்சு.

அதே காலத்துல வாஷிங்டன்ல வியட்நாம் போர் நினைவுச் சுவர். போட்டிக்கு 1,421 டிசைன் வந்துச்சு, ஜெயிச்சது மாயா லின், 21 வயசு, படிச்சுக்கிட்டிருந்த பொண்ணு. சில வீரருங்க அத அவமானத்தோட கறுப்பு வெட்டுன்னு சொன்னாங்க. வெள்ளையா இல்ல, செல இல்ல, மண்ணுக்குள்ள எறங்குதுன்னு. பெரிய சண்ட. 1982ல அந்தச் சுவரு வந்துச்சு, 1984ல எதிர்த்தவங்க கேட்ட மாதிரி மூணு வீரர் செலையும் கொஞ்ச தூரத்துல வச்சாங்க. மெருகேத்துன கறுப்புக் கல்லு, செத்துப்போனவங்க 58,000 பேருக்கு மேல பேரு, படிக்கறவங்க மொகம் அந்தப் பேருங்களுக்கு நடுவுல தெரியும். இப்ப அங்க ஜனங்க தாள வச்சு பேர தேய்ச்சு எடுத்துட்டுப் போறாங்க, கடுதாசி வைக்கறாங்க, பூட்ஸ் வைக்கறாங்க. மாயா லின் சுவர மாத்தல, எதிர்த்தவங்களுக்கும் அந்தப் புல்வெளியில ஒரு எடம் கெடைச்சுச்சு. எனக்கு அந்த ஏற்பாடு தப்பாத் தெரியல.

எடுக்கறதே சரின்னு எனக்குப் பட்ட ஒண்ணும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. சாம் டுரான்ட்டோட 'ஸ்கஃபோல்டு', தூக்குமேடைங்கள வச்சுக் கட்டுன ஒரு பெரிய மரக்கட்டுமானம். 2012ல ஜெர்மனி காசல் நகரத்துல டாக்குமென்டாங்கற கலைக் கண்காட்சியில வச்சாங்க, பிரச்சன இல்ல. 2017ல மினியாபொலிஸ் வாக்கர் ஆர்ட் சென்டர் அதத் தன்னோட சிற்பத் தோட்டத்துல வச்சுச்சு. 1862ல 38 டக்கோட்டா பழங்குடி ஆளுங்கள ஒரே நாள்ல தூக்குல போட்ட மேன்கேட்டோ அதே மாநிலத்துல இருக்கு, அந்த மேடையோட வடிவமும் அந்தக் கட்டுமானத்துல ஒண்ணு. டக்கோட்டா மக்கள் வேலிகிட்ட வந்து நின்னாங்க. செத்தவங்களோட வம்சத்துல வந்தவங்க. அந்தக் கூடத்தோட டைரக்டர் பகிரங்கமா மன்னிப்பு கேட்டாங்க, கலைஞர் நேர்ல வந்து பெரியவங்ககூட உக்காந்தாரு, உரிமையையே அவங்ககிட்ட எழுதிக்குடுத்துட்டாரு, சடங்கு பண்ணி பிரிச்சாங்க, அந்த மரத்த என்ன செய்யறதுங்கறதயும் அவங்களே முடிவு பண்ணாங்க. இது ராத்திரியில கதவச் சாத்துறதும் ஒண்ணா? கலைஞர் இருந்தாரு, காயம்பட்டவங்க இருந்தாங்க, பொறுப்புல இருந்தவங்க இருந்தாங்க, பட்டப்பகல்ல நடந்துச்சு. கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்ங்கறது வேற விஷயம், அத அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

அதே வருஷம் நியூயார்க் விட்னி மியூசியத்துல டேனா ஷுட்ஸ் வரைஞ்ச 'ஓப்பன் காஸ்கெட்'. 1955ல அடிச்சுக் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லோட சவப்பெட்டி, வரைஞ்சவங்க வெள்ளக்காரப் பொண்ணு. ஒரு கறுப்பினக் கலைஞர் வந்து அந்தப் படத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவுல முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு, வந்தவங்ககிட்ட பேசுனாரு. படத்த அழிக்கணும்னு வேறொரு கலைஞர் மடல் எழுதுனாங்க, அத என்னால ஏத்துக்க முடியல. மியூசியம் படத்தயும் எடுக்கல, அந்த மனுஷனையும் வெளிய தள்ளல, லேபிள மாத்தி எழுதுனாங்க, எல்லாரையும் கூப்பிட்டு ஒரு ராத்திரி பேசவச்சாங்க. அந்த அறையில டூட்டி பாத்தவங்க யாரையாவது சந்திச்சா எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. முதுகக் காட்டி நிக்கற ஒருத்தரயும் அவருக்குப் பின்னால இருக்கற படத்தையும் ஒரே நேரத்துல காபந்து பண்றதுதான் எங்க வேலையோட முழு அர்த்தம்னு எனக்குத் தோணுது.

இப்ப நான் கேக்கறதச் சொல்றேன். கஷ்டமானது எதுவும் இல்ல.

சீண்டுற படைப்ப வையுங்க, வைக்காம இருக்காதீங்க. வைக்கறதுக்கு முன்னாடி இது யாரு காயத்தத் தொடும்னு யோசிச்சு அவங்கள்ல நாலு பேரக் கூப்பிட்டுக் காட்டுங்க, அனுமதி கேக்க வேணாம், பக்கத்துல நின்னு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. அது என்ன பொருள், யாரோடது, எங்கேர்ந்து வந்துச்சுங்கறத லேபிளோட மொத வரியில போடுங்க, உங்க தத்துவம் அதுக்குக் கீழ இருக்கட்டும். எங்களுக்கும் சொல்லுங்க. 2022ல பால்டிமோர் மியூசியம் ஆஃப் ஆர்ட்ல 17 காவலாளிங்க சேர்ந்து ஒரு கண்காட்சியே தேர்ந்தெடுத்து வச்சாங்க. அந்த அளவுக்கெல்லாம் நான் கேக்கல, மாட்டுறதுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் எங்களையும் உக்கார வச்சுப் பேசுனா போதும், ஏன்னா ஜனங்க கேக்கப்போறது எங்ககிட்டதான்.

மூடித்தான் ஆகணும்னு வந்துச்சுன்னா உண்மையான காரணத்த எழுதி ஒட்டுங்க. மெரட்டல் வந்துச்சுன்னா மெரட்டல் வந்துச்சுன்னு எழுதுங்க. பயந்துட்டோம்னாலும் எழுதுங்க, பயம் யாருக்கும் வரும். பொய்ய மட்டும் எழுதி அது முன்னாடி எங்கள நிக்கவைக்காதீங்க.

அப்புறம், வாங்க. வீடியோ வைரலானப்புறம் பிரஸ் மீட்டுக்கு வர்றதச் சொல்லல. சாதாரண ஒரு செவ்வாக்கெழம, அறையில வந்து ஒரு மணி நேரம் உக்காருங்க. கோவமா ஒருத்தர் வந்து "இத வச்சவங்க யாரு?"ன்னு கேட்டா எந்திரிச்சு "நான்தான், சொல்லுங்க"ன்னு சொல்லுங்க. நான் பாத்தவரைக்கும் அந்த ஒரு வார்த்தையிலயே பாதிச் சூடு எறங்கிடும், மிச்சம் பாதியில உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும்.

அந்த விசிட்டர்ஸ் புக்க ஷோ முடிஞ்சதும் ஸ்டோர்ல போட்டுட்டாங்க, எந்த அட்டப்பெட்டின்னு எனக்குத் தெரியும். அந்தம்மா எழுதுன பக்கத்துல கடைசியா ஒரு கேள்வி இருக்கு, இந்தத் துணிய முடிஞ்ச பொண்ணு இப்ப ராத்திரியில தூங்குறாளான்னு. கலைஞருகிட்ட அத யாரும் கொண்டுபோய்க் காட்டல. நீங்க காட்டுறதா இருந்தா நான் எடுத்துத் தர்றேன், அதே நாற்காலியிலதான் இருக்கேன், காலையில பத்து மணியிலேர்ந்து.

இப்படிக்கு,
உங்க கூடத்துல அறைக்காவல் பாக்கறவன்